ஓர் இன்ஜின், இரண்டு வண்டி

நாமக்கல் பக்கம் குறைந்த காசில் பழைய கார் தேடுகிறவரின் பேச்சு சுற்றிச் சுற்றி இரண்டு வண்டிகளில் வந்து நிற்கும். ஒன்று மாருதி 800, மற்றது ஆம்னி. 800-ன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. ஆம்னி 2019-இல் நின்றது. கம்பெனி கைவிட்ட இந்த இரண்டும் ராசிபுரம் தெருக்களிலும், பரமத்தி வேலூர் பாலத்திலும், சங்ககிரியின் லாரி நெரிசலுக்கு நடுவிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வாங்க வருகிறவரிடம் பட்டறையில் கேட்கப்படும் முதல் கேள்வியும் மாறவில்லை. "ஏனுங்க, ஆளுக்கு வேணுங்களா, லோடுக்கு வேணுங்களா?"

கேள்வி சரியானதுதான். ஆனால் ஆளுக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று என்று பிரித்துவிட்ட இரண்டு வண்டிக்குள்ளும் ஓடுவது ஒரே இன்ஜின். 3 சிலிண்டர், 796 சிசி, சுசுகி வைத்த பெயர் எஃப்8பி. திருச்செங்கோட்டு மலைமேல் ஓர் உடலில் இரண்டு பாதிகளாக நிற்கிறார் அர்த்தநாரீசுவரர். மலைக்குக் கீழே ஓடும் இந்த வண்டிகளில் ஓர் உயிர் இரண்டு உடல்களில் இருக்கிறது. ஒன்று விரைவுக்கும் மற்றொன்று சுமைக்கும் போய்ச் சேர்ந்தது எப்படி என்று தேடினால், கதை ஜப்பானின் வரிச் சட்டத்தில் தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பானில் பணம் இல்லை, தெருக்கள் குறுகல், பெட்ரோல் வெளியிலிருந்து வர வேண்டும். அரசு சிறு வண்டிகளுக்கென்று தனி வகுப்பு ஒன்றை உண்டாக்கியது. அந்த அளவுக்குள் வண்டி அடங்கினால் வரி குறைவு. 1976-இல் அந்த அளவு திருத்தப்பட்டது. நீளம் 3.2 மீட்டருக்குள், அகலம் 1.4 மீட்டருக்குள், இன்ஜின் 550 சிசிக்குள் இருக்க வேண்டும். சுசுகி போன்ற நிறுவனங்கள் இந்தக் கட்டத்துக்குள்தான் வளர்ந்தன. இருக்கிற இடத்தில் ஒரு விரற்கடை கூட வீணாகாமல் மனிதரையும் சரக்கையும் எப்படி அடக்குவது என்பதே அங்கிருந்த பொறியாளர்களின் அன்றாட வேலையாக இருந்தது.

இந்தக் கட்டத்துக்குள் சுசுகி இரண்டு விதமாக வண்டி செய்தது. தரையோடு ஒட்டிய சிறு கார் ஒன்று. 1979-இல் வந்த ஆல்டோவும் அதன் உடன்பிறப்பான ஐந்து கதவு ஃபிராண்டேயும் அந்த வகை. ஆல்டோவைச் சரக்கு வண்டி வகையில் பதிவு செய்து, பயணிகள் கார்மீது விதிக்கப்பட்ட பண்ட வரியிலிருந்து தப்பித்து, 4 லட்சத்து 70 ஆயிரம் யென்னுக்கு விற்றார்கள். இன்னொன்று, 1961 முதல் தலைமுறை தலைமுறையாக வந்த கேரி. சிறு கடைக்காரரும் விவசாயியும் தங்கள் பொருளை ஏற்றிக்கொண்டு போவதற்கான பெட்டி வண்டி. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது 550 சிசி கட்டுப்பாடு இல்லை என்பதால் அதே உடலுக்குள் 800 சிசி இன்ஜினை வைத்தார்கள்.

இங்கே, அதே காலத்தில், தில்லிக்கு அருகே குர்காவுனில் ஒரு தொழிற்சாலை பூட்டிக் கிடந்தது. சஞ்சய் காந்தி மக்கள் கார் செய்யப்போவதாகச் சொல்லித் தொடங்கிய மாருதி லிமிடெட் அது. கார் வரவில்லை. நிறுவனம் கலைக்கப்பட்டது. 1980 ஜூனில் விமான விபத்தில் சஞ்சய் இறந்தார். அதே ஆண்டில் அரசு அந்தத் தொழிற்சாலையைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. 1981 பிப்ரவரியில் மாருதி உத்யோக் பிறந்தது. அதைக் கட்டி எழுப்பும் பொறுப்பு வந்து சேர்ந்தது தஞ்சை மாவட்டத்துக் கருவேலியில் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தியிடம். திருச்சி பெல் தொழிற்சாலையை நடத்திய அனுபவமும், பின்னர் பெல் நிறுவனம் முழுமைக்கும் தலைவராக இருந்த அனுபவமும் அவருக்கு இருந்தன. 1985-இல் அவர் இந்திய உருக்கு ஆணையத்தின் தலைவரானபோது நம்முடைய சேலம் உருக்காலையும் அவர் பொறுப்பின்கீழ் வந்தது. காரைப் பற்றி எழுதும்போது பலரும் சஞ்சயையும் அன்றைய சுசுகித் தலைவர் ஒசாமு சுசுகியையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். இந்தக் காவிரிக்கரை மனிதரின் பெயர் தமிழ்நாட்டிலேயே அவ்வளவாக அறியப்படாமல் இருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பல நிறுவனங்களோடு பேசிய பிறகு 1982 அக்டோபர் 2 அன்று சுசுகியோடு ஒப்பந்தமானது. சுசுகியின் பங்கு 26 சதவீதம். அன்றைக்கு இந்தியத் தெருவில் இருந்தவை அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும்தான். சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. அம்பாசடரின் எடை ஒரு டன்னுக்கு மேல். அது 1950-களின் ஆங்கிலேய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. பத்மினி 1960-களின் இத்தாலிய ஃபியட். அந்த வரிசையில் 650 கிலோ எடையுள்ள ஒரு கார் வரப்போகிறது என்றதும் முன்பதிவு குவிந்தது. 1983-இல் பத்தாயிரம் ரூபாய் முன்பணத்தோடு இரண்டு மாதங்களில் 1.35 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 14, சஞ்சய் காந்தியின் பிறந்தநாளில், முதல் காரின் சாவியை இந்திரா காந்தி தில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் கொடுத்தார். அது ஃபிராண்டேயின் உடல், எஃப்8பி இன்ஜின். விலை 50 ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. 1986-இல் உடல் மாறி, இன்று நாம் தெருவில் காணும் வளைவான 800 வந்தது. இன்ஜின் மாறவில்லை.

முதல் கார் வந்து ஓராண்டு கழித்து, 1984 இறுதியில், கேரியின் உடலில் அதே இன்ஜினை வைத்து மாருதி வேன் வந்தது. ஆம்னி என்ற பெயர் 1988-இல்தான் ஒட்டியது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களில் பலர் இன்றும் அதை 'மாருதி வேன்' என்றுதான் சொல்வார்கள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றால், இன்ஜினை எங்கே வைத்தார்கள் என்பதுதான். 800-இல் அது முன்மூக்குக்குள் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. கியர் பெட்டியும் அதோடு சேர்ந்தே இருக்கிறது. முன்சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கின்றன. நடுவில் ஷாஃப்ட் கிடையாது. அதனால் தரை தாழ்வு, எடை குறைவு. ஆம்னியில் அதே இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் நெடுக்காகப் படுத்திருக்கிறது. அங்கிருந்து புரோப்பல்லர் ஷாஃப்ட் ஒன்று பின்னால் போய் ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரௌனைச் சுழற்றுகிறது. பின்சக்கரம் தள்ளுகிறது. பின்னால் பட்டை ஸ்பிரிங்.

கேபினுக்கு அடியில் இன்ஜின், நீள ஷாஃப்ட், கிரௌன், பட்டை என்று வரிசையாகச் சொன்னால் நாமக்கல்லில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அது லாரியின் உடற்கூறு. டேங்கர் லாரிகளும் டிரெய்லர்களும் கட்டி, பழுது பார்த்து வளர்ந்த ஊர் இது. ஆம்னி பட்டறைக்கு வந்து நின்றபோது மெக்கானிக்குக்கு அது அந்நியமாக இருந்திருக்காது. 800-தான் புதிது. அம்பாசடரும் பத்மினியும் பின்சக்கரத்தில் ஓடியவை. முன்சக்கரத்தில் இழுக்கும் காரை இந்தியாவில் பெருங்கணக்கில் கொண்டுவந்தது 800. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது டக் டக்கென்று சத்தம் வந்தால் முன் ஆக்சில் ஜாயிண்ட் போய்விட்டது என்பதை இங்கே ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் 800-ஐ வைத்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

இப்போது ஓட்டிப் பார்க்கிற விஷயத்துக்கு வருவோம். கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்த பிற்கால வண்டிகளில் 800-க்குச் சுமார் 37 குதிரைத் திறன், ஆம்னிக்குச் சுமார் 35. எடை 800-க்கு 650 கிலோ அளவில், ஆம்னிக்கு 785 கிலோ. வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு 57-ம் 45-ம். காகிதத்தில் இவ்வளவுதான். சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு நான்குவழிச் சாலையில் இறங்கியதும் அந்த வித்தியாசம் காலடியில் தெரியும். 800 எண்பதைத் தாண்டி அலுங்காமல் போகும். முந்த வேண்டிய இடத்தில் மூன்றாவது கியருக்கு இறக்கினால் பிக்கப் கிடைக்கும். ஆம்னிக்கு எடை மட்டும் எதிரி அல்ல, காற்றும் எதிரி. 800-ன் உயரம் 1,405 மில்லிமீட்டர், ஆம்னியின் உயரம் 1,640. மூக்கே இல்லாத தட்டையான முகம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம் 800-இல் 2,175 மில்லிமீட்டர், ஆம்னியில் வெறும் 1,840. உயரமும் குறுகலும் சேர்ந்தால் பக்கவாட்டுக் காற்றுக்கு வண்டி ஆடும். பக்கத்தில் ஒரு டிரெய்லர் வேகமாகக் கடந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற கைக்கு அது தெரியும். ஆம்னிக்கு அறுபதுதான் வேகம். அதற்கு மேல் அதை மிதிப்பது தன் குடும்பத்தைப் பணயம் வைப்பது.

ஆனால் சேலம் செவ்வாய்ப்பேட்டையின் லீ பஜாருக்குள் சரக்கு எடுக்கப் போய்ப் பாருங்கள். அங்கே கணக்கு தலைகீழாகும். ஆம்னி 4.1 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும், 800-க்கு 4.4 வேண்டும். ஓட்டுநர் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் வண்டி எங்கே முடிகிறது என்று யூகிக்க வேண்டியதில்லை, கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. பின்சீட்டுக் கதவைத் திறக்கப் பக்கத்தில் இடம் வேண்டாம், இழுத்துத் தள்ளினால் போதும். ஜப்பானின் 1.4 மீட்டர் சட்டம் அந்தக் கடைத்தெருவில் நமக்குப் பயன்படுகிறது.

மலையேற்றத்தில் இரண்டும் சோதிக்கப்படும். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. இரண்டு பேர் ஏறிய 800 இந்த வளைவுகளில் மகிழ்ச்சியாகப் போகும். ஐந்து பேரும் பையும் ஏறிவிட்டால் எடை பின்னால் சாய்ந்து, இழுக்க வேண்டிய முன்சக்கரம் லேசாகிவிடும். ஈரமான வளைவில் முதல் கியரில் அது வெறுமனே சுற்றுவதும் உண்டு. ஆம்னியில் லோடு ஏறினால் தள்ளுகிற பின்சக்கரத்தின் மேலேயே எடை உட்காரும், பிடி கூடும். மெதுவாக, ஆனால் நம்பிக்கையாக ஏறும். வெறும் ஆம்னி மழையில் இறங்கி வரும்போதுதான் பின்பக்கம் விளையாட்டுக் காட்டும். கோடையில் இன்னொரு தொல்லையும் உண்டு. சேலத்து வெயிலில், சீட்டுக்கு அடியில் இன்ஜின் கொதிக்க, மலையேறி முடிக்கும்போது ஓட்டுநரும் வெந்திருப்பார்.

பயன்பாடு என்று வந்தால் போட்டியே இல்லை. இரண்டின் நீளத்தைப் பாருங்கள். 800 3,335 மில்லிமீட்டர், ஆம்னி 3,370. வித்தியாசம் மூன்றரை சென்டிமீட்டர். அந்த மூன்றரை சென்டிமீட்டர் கூடுதலில் 8 பேர் உட்காரும் வண்டியைக் கம்பெனியே செய்து விற்றது. மூக்கில்லாமல், இன்ஜினைச் சீட்டுக்கு அடியில் ஒளித்ததால் வந்த இடம் அது. பின்சீட்டைக் கழற்றினால் குமாரபாளையத்துக்குப் போகும் நூல் கோன் பைகள் ஏறும். ராசிபுரத்து ஜவ்வரிசி மூட்டை ஏறும். நாமக்கல் கோழிப்பண்ணையிலிருந்து கடைக்குப் போகும் முட்டை அட்டைகள் அடுக்கப்படும். பரமத்தி வேலூர் வெற்றிலைக் கூடை, திருவிழா மைக் செட், சமையல்காரரின் அண்டா, கிராமத்துப் பால் கேன் எல்லாம் ஏறும். ஆம்புலன்ஸாகவும் அது எத்தனையோ உயிரைச் சேலம் அரசு மருத்துவமனைக்கு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறது. 800-ன் டிக்கியில் ஸ்டெப்னி போக ஒரு சூட்கேஸும் காய்கறிப் பையும் வைக்கலாம்.

சிறு வியாபாரி ஒருவர் முதல் நாலு சக்கரம் வாங்குவது இந்தச் சமவெளியில் சாதாரண நிகழ்வு அல்ல. மொபெட்டில் கட்டிக்கொண்டு போன சரக்கு வேனுக்குள் ஏறும் நாளில் அந்தக் குடும்பத்தின் கணக்கே மாறிவிடுகிறது. வாரநாளில் வண்டி சம்பாதிக்கும், ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் குடும்பம் நைனாமலைக்கோ மேட்டூருக்கோ போகும். அந்த இரட்டை வாழ்வை 800-ஆல் தர முடியவில்லை. கார் வைத்திருக்கிறோம் என்ற கௌரவத்தை 800 தந்தது. அது சிறிய விஷயம் அல்லதான். இருந்தாலும் இந்த மண்ணுக்கு இரண்டில் எது அதிகம் செய்தது என்று கேட்டால் நான் தயங்காமல் ஆம்னியைத்தான் சொல்வேன்.

அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும். ஆம்னியில் ஓட்டுநரின் முழங்காலுக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவே இருப்பது ஒரு தகடு. நசுங்கி அடியைத் தாங்கிக்கொள்ள மூக்கே கிடையாது. 800-க்கு முன்னால் இன்ஜினாவது இருக்கிறது. ஆனால் அதுவும் காற்றுப்பை இல்லாத, மெல்லிய தகடு வண்டிதான். இரண்டுக்கும் முடிவு வந்த விதமும் வேறு. 800-ஐ நிறுத்தியது புகை விதி. 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 நடைமுறைக்கு வந்த சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் அதன் விற்பனை நின்றது. மற்ற ஊர்களில் நான்கு ஆண்டு தள்ளி நின்றது. ஆம்னியை நிறுத்தியது மோதல் சோதனை விதி. 2019 அக்டோபருக்குள் பழைய மாடல்களும் அந்தச் சோதனையில் தேற வேண்டும் என்று அரசு சொன்னது. அந்த உடலை வைத்துக்கொண்டு அது முடியாது.

அதனால் பழைய ஆம்னி வாங்குகிறவர் அதில் பள்ளிப் பிள்ளைகளை அடைத்து ஏற்றக் கூடாது. 8 பேர் என்றால் 8 பேர்தான். இன்னொன்று, கேஸ். பெட்ரோல் செலவுக்குப் பயந்து ஆம்னியில் எரிவாயுக் கிட் போட்டவர்கள் ஏராளம். ஆர்.சி. புத்தகத்தில் ஏறிய, அங்கீகாரம் பெற்ற கிட் என்றால், தொட்டியின் சோதனைத் தேதியைப் பார்த்து வாங்கலாம். வீட்டுச் சிலிண்டரிலிருந்து குழாய் போட்டு நிரப்பிய வண்டி என்று தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். சீட்டுக்கு அடியில் இன்ஜின், முதுகுக்குப் பின்னால் வாயு, நடுவில் மனிதர்கள். தமிழ்நாட்டுச் சாலைகளில் ஆம்னிகள் பற்றி எரிந்த செய்திகளை நாம் போதுமான அளவு படித்துவிட்டோம்.

மற்றபடி பார்க்க வேண்டியது துருவைத்தான். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் ஆண்டுக்கணக்காகக் கழுவிய வண்டிகள் இவை. 800-இல் காலடித் தகட்டையும் கதவின் அடிவிளிம்பையும் தட்டிப் பாருங்கள். ஆம்னியில் இழுகதவு ஓடும் கீழ்த் தடத்தையும், அடியில் குனிந்து சேஸிஸ் சட்டத்தையும், பட்டை மாட்டியிருக்கிற இடத்தையும் பாருங்கள். மேலே அடித்த புதுப் பெயின்ட் எதையும் சொல்லாது. டயரில் ஒரு தவறு இங்கே அடிக்கடி நடக்கிறது. இரண்டுக்கும் 12 அங்குலச் சக்கரம் என்பதால் 800-ன் கார் டயரை ஆம்னிக்கு மாட்டிவிடுகிறார்கள். ஆம்னிக்கு உரியது லோடு தாங்கும் 145 ஆர்12 எல்டி வகை. கார் டயரில் மூட்டை ஏற்றினால் கோடையில் அது வெடிக்கும். பதிவுக் கணக்கையும் மறக்க வேண்டாம். 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. வண்டியின் விலை குறைவாக இருக்கும்போது இந்தச் செலவு சிறியது அல்ல.

எஃப்8பியின் நெருங்கிய உறவான எஃப்8டி, அதே 68.5 மில்லிமீட்டர் விட்டமும் 72 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட 796 சிசி, ஆல்டோவில் 2023 வரை வந்தது. நாற்பது ஆண்டு. அதனால் இந்தக் குடும்பத்து இன்ஜினுக்கு வேலை தெரிந்த கையும், உதிரியும், லேத்தும் இந்தச் சமவெளியில் எங்கும் கிடைக்கின்றன. எஃப்.சி. எடுக்க முடியாமல் உடல் இற்றுப்போன 800 ஒன்று பட்டறை ஓரத்தில் நிற்கும். உடலைத் தகடாக எடைக்குப் போடுவார்கள். அதன் பிஸ்டனும் வால்வும் நல்ல நிலையில் இருந்தால் கழற்றி, துடைத்து, எண்ணெய் பூசி எடுத்து வைத்துக்கொள்கிறார்கள், அடுத்து இன்ஜின் வேலைக்கு வரும் ஆம்னிக்கு.